முருகன் பாட்டில் அணி: ‘போல’ முதல் ‘பெருமாளே’ வரை

ஓம் சரவணபவ.

 வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

போன வாரம் நம்ம குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "அக்கா, திருப்புகழ் கேட்டா உடம்பு சிலிர்க்குது, ஆனா பாதி வரி புரியல. புரியாமப் பாடினா பலன் உண்டா?" பலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? அது அவன் கணக்கு. ஆனா புரியாததற்குக் காரணம் என்னன்னு சொல்ல முடியும். பழைய சொற்கள் தெரியாதது ஒரு காரணம். இன்னொரு காரணம், பத்தாம் வகுப்புப் பரீட்சையோட நாம மூட்டை கட்டிப் பரண் மேல போட்ட அணி இலக்கணம். இன்னிக்கு அதை இறக்கித் தூசி தட்டுவோம். ரெண்டு மதிப்பெண் கேள்வி எதுவும் கேட்க மாட்டேன், பயப்படாதீங்க.

அணி என்றால் நகை. வடமொழியில் அலங்காரம். அருணகிரிநாதர் ஒரு நூலுக்கே ‘கந்தர் அலங்காரம்’ என்று பெயர் வைத்திருக்கார், கவனிச்சிருப்பீங்க. பழனிக்குப் போனவங்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரே மூர்த்திதான். காலையில் சாதுவாகப் பார்க்கிறோம், அப்புறம் வேடனாகப் பார்க்கிறோம், சாயரட்சைக்குப் போனால் ராஜாவாக நிற்கிறான். மூர்த்தி மாறவில்லை. ஆனா வேடன் கோலத்தில் பார்க்கும்போது வள்ளியைத் தேடிப் போனவன் நினைவுக்கு வருகிறான். ராஜ கோலத்தில் பார்க்கும்போது தேவசேனாபதி நினைவுக்கு வருகிறான். ஒவ்வொரு அலங்காரமும் அவனுடைய ஒரு பக்கத்தை நமக்குக் காட்டித் தருது. பாட்டில் அணி செய்வதும் இதே வேலைதான். அதனால் "சும்மா அழகுக்காகப் போட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

தமிழில் இதற்கென்றே 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல் தண்டியலங்காரம். பொருளணிகள் மட்டும் அதில் 35. அத்தனையும் இன்னிக்குப் பார்க்கப் போவதில்லை. முருகன் பாட்டு படிக்கிறவங்களுக்கு ஓர் ஏழெட்டு தெரிந்தாலே பெரிய கதவு திறந்துரும்.

முதலில் உவமை. தொல்காப்பியர் இதற்கு மட்டும் உவமவியல் என்று தனி இயல் ஒதுக்கியிருக்கார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடணும்னா எதை வைத்து ஒப்பிடுவது? நாலு வழி சொல்றார். வினை, பயன், மெய், உரு. பருந்து பாய்வது போல வேல் பாய்ந்தது என்றால் செயலை ஒப்பிட்டோம், அது வினை. மழை போல வாரிக் கொடுப்பவன் என்றால் பயன். இலை போன்ற வேல் என்றால் வடிவம், அதுதான் மெய். செவ்வரளி போன்ற மேனி என்றால் நிறம், உரு. இனிமேல் எந்தப் பாட்டிலாவது ‘போல’, ‘அன்ன’, ‘நிகர்’, ‘புரை’ என்று வந்தால் நின்று ஒரு நொடி யோசிங்க. இந்த நாலில் எது?

இதற்கு நம்ம கையில் இருக்கிற மிகப் பழைய, மிகப் பெரிய உதாரணம் நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை. 317 அடி. பத்துப்பாட்டில் முதல் பாட்டு, பதினோராம் திருமுறையிலும் இருக்கு. அது தொடங்குவதே ஓர் உவமையோடதான். கடலுக்கு மேலே சூரியன் எழுந்து வரும் காட்சியைச் சொல்லி, முருகனின் ஒளி அப்படி என்கிறார். முருகன் என்ற பேரைச் சொல்லி ஆரம்பிக்கல, ஆறு முகம் என்று ஆரம்பிக்கல. விடியற்காலை. கீழே நீலம், மேலே செம்மை. அந்த நீலக் கடலை மயிலாகவும் செஞ்சுடரை மேலே அமர்ந்த முருகனாகவும் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. திருச்செந்தூரில் ஒரு முறையாவது சூரிய உதயம் பார்த்தவங்க இப்போ கண்ணை மூடிக்கோங்க. நிறம் சேருது. இருள் போகுது, அதனால் பயனும் சேருது. ஒரே உவமையில் ரெண்டு மூணு பொருத்தம். உலகத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத பொருள் சூரியன். அதைப் பிடித்து, கண்ணால் பார்க்காத ஒருவனை நம்ம கண்முன் நிறுத்திட்டார் நக்கீரர்.

‘போல’வை எடுத்துட்டால் உருவகம். ஞானம் வேல் போன்றது என்றால் உவமை. ஞானமே வேல் என்றால் உருவகம். வேலின் அடி நீண்டு ஆழமாக இருக்கு, நடு அகலமாக இருக்கு, நுனி கூர்மையாக இருக்கு. அறிவும் அப்படி ஆழமாக, அகலமாக, கூர்மையாக இருக்கணும் என்று பெரியவர்கள் பிரசங்கங்களில் சொல்லிக் கேட்டிருப்பீங்க. இப்படிச் சொன்னவுடனே குழுவில் ஒரு சண்டை வரும். "அப்போ சூரசம்ஹாரம் வெறும் கற்பனையா? சூரன்னு ஒருத்தன் இல்லையா, ஆணவம்தான் சூரனா?" என்னைக் கேட்டால் இது தேவையில்லாத சண்டை. உருவகம் ஒன்றை அழித்து இன்னொன்றை வைப்பதில்லை. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லும். கடற்கரையில் சம்ஹாரம் பார்க்கிற பாட்டி சூரனையும் பார்க்கிறாங்க, வீட்டுக்குத் திரும்பும்போது தன் கோபத்தையும் நினைக்கிறாங்க. அவங்களுக்கு இதில் குழப்பமே இல்லை, நமக்குத்தான்.

அடுத்தது சிலேடை. இதில் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு சொல் ஒரு தடவைதான் வரும், ரெண்டு பொருள் தரும். காளமேகப் புலவர் பெயரில் ஒரு வெண்பா வழங்குது. சுவாமிமலை முருகனைப் பார்த்துப் பாடியது. மேலோட்டமாகக் கேட்டால் மளிகைக் கடை. வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம், கடைசியில் கடைக்காரச் செட்டியார். "என்னடா இது, சாமி பாட்டா, சாமான் லிஸ்டா?" என்று சிரிப்பு வரும். வரணும், அதற்குத்தான் அப்படி வைத்திருக்கார்.

இப்போ பிரிச்சுப் பாருங்க. காயம் என்றால் உடம்பு. வெம்மையான காயம், சூடும் துடிப்புமாக இருக்கிற இந்த உடம்பு, வெங்காயம். அது வயசாகி வற்றிப் போனால் சுக்கு. வெந்த அயம், அதாவது புடம் போட்ட இரும்புச் செந்தூரம், வெந்தயம். உடம்பே வற்றிப்போன பிறகு மருந்து என்ன செய்யும்? இந்தச் சரக்கை யார் சுமப்பது? சரக்கு இங்கே கடைச் சரக்கும்தான், உடம்பும்தான். சீர் அகம், சிறந்த வீடு, முக்தி, அதுதான் சீரகம். அதைக் கொடுத்துட்டால் எனக்குப் பெருங்காயம் வேண்டாம். பெரிய காயம், இன்னொரு உடம்பு, இன்னொரு பிறவி வேண்டாம். கடைசியில் யாரைக் கூப்பிடுறார்? ஏரகத்தில், அதுதான் சுவாமிமலையில், இருக்கிற செட்டியாரை. வள்ளிக்கு வளையல் விற்கும் செட்டியாக முருகன் வந்த கதை நமக்குத் தெரியுமே.

நாலடிக்குள் இவ்வளவும் இருக்கு. ஆனா நான் வியக்கிறது சாமர்த்தியத்தை இல்லை. "இறைவா, இந்த நிலையற்ற உடம்பின் மீது எனக்குப் பற்றில்லை, முக்தி கொடு" என்று நேராகப் பாடியிருந்தால் எத்தனை பேர் காது கொடுத்திருப்போம்? சாவைப் பற்றி யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேச மாட்டோம். இவர் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து அதற்குள் சாவை வைத்துட்டார். ஒரு தடவை பொருள் தெரிந்துட்டால், அப்புறம் சீரகம் தாளிக்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு ஞாபகம் வரும். எனக்கு வருது. சிலேடை செய்கிற வேலை இதுதான், பெரிய விஷயத்தைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாட்டை "முன்னோர் சொன்ன மருத்துவக் குறிப்பு" என்று போட்டு யாராவது ஃபார்வர்டு அனுப்பினால், அதைச் சிலேடை என்று எடுத்துச் சொல்லுங்க. வெந்தயம் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம், அது வேறு பேச்சு. இந்தப் பாட்டு மருந்தால் இனி ஆவதென்ன என்றுதான் கேட்குது.

பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழிலும் இப்படி ஓர் அழகு இருக்கு. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம், அதில் ஒன்று முத்தப் பருவம். குழந்தை முருகனிடம் முத்தம் கேட்கணும். தமிழில் முத்தம் என்றால் முத்தும்தான். முத்து பிறக்கும் இடங்களை வரிசையாகச் சொல்லி, அந்த முத்துக்கெல்லாம் சந்தையில் விலை உண்டு, உன் வாய் முத்தத்துக்கு விலையே கிடையாது, அதைக் கொடு என்று கேட்கிறார். திருச்செந்தூர் இருப்பது முத்துக்குப் பேர் போன கடல் ஓரம் என்பதையும் சேர்த்துப் படிங்க. தங்கச்சி குழந்தைகிட்ட "ஒரு முத்தா குடு" என்று கொஞ்சுறோமே, அதே குரல்தான்.

அதே பிள்ளைத்தமிழ் வகையில் அம்புலிப் பருவம் என்று ஒன்று. நிலாவைக் குழந்தையோடு விளையாட வா என்று கூப்பிடணும். சாம, தான, பேத, தண்டம் என்று அரசியல் உபாயம் நாலையும் நிலாவிடம் காட்டுவாங்க புலவர்கள்! முதலில் "நீயும் இவனும் ஒண்ணுதான்" என்று சமாதானம் பேசுவாங்க. அங்கேதான் சிலேடை உதவிக்கு வரும். உனக்கும் கலை உண்டு, இவனுக்கும் கலை உண்டு. நிலாவுக்குக் கலை என்றால் வளர்பிறை தேய்பிறைக் கூறு, முருகனுக்குக் கலை என்றால் கல்வி. வரலைன்னா கடைசியில் மிரட்டல். சோறு ஊட்ட நிலாவைக் காட்டிய நம்ம அம்மாக்கள் இவ்வளவு தூரம் போனதில்லை.

சிலேடையோடு குழப்பிக்கிற இன்னொன்று பின்வருநிலை அணி. சிலேடையில் சொல் ஒரு தடவை வரும், பொருள் ரெண்டு. பின்வருநிலையில் சொல் திரும்பத் திரும்ப வரும். நானே ஒன்று எழுதிக் காட்டுறேன், இலக்கியம் என்று நினைக்காதீங்க:

ஆறு கடந்து வந்தேன், போகும் ஆறு தெரியவில்லை, ஆறு முகத்தானே, நீதான் காட்டணும்.

முதல் ஆறு நதி, ரெண்டாவது ஆறு வழி, மூணாவது எண். சொல் ஒன்று, பொருள் வேறு வேறு. ஆற்றுப்படை என்ற பெயரில் இருக்கிற ஆறும் வழிதான். பரிசு பெற்று வந்தவன் எதிரே வருபவனுக்கு "இந்த வழியாப் போ, இவரைப் பாரு" என்று வழிகாட்டுவது ஆற்றுப்படை. நக்கீரர் மன்னனிடம் போகச் சொல்லாமல் முருகனிடம் போகச் சொல்லிட்டார். அந்த நூலில் சொன்ன இடங்கள்தான் ஆறுபடை வீடு என்று நாம் சுற்றி வருவதற்கு வேர்.

தற்குறிப்பேற்றம் உங்களுக்குப் பள்ளியில் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருப்பாங்க, கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் போகும்போது மதில் கொடிகள் ஆடிய கதை. இயல்பாக நடப்பதன் மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. செந்தூர்க் கடல் அலை கரைக்கு வந்து விழுந்து திரும்புவது, நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பின்வாங்கிப் போவது மாதிரி இருக்கு என்று நீங்கள் சொன்னால் அது தற்குறிப்பேற்றம். அலைக்கு அந்த எண்ணம் கிடையாது, உங்களுக்குத்தான். அவ்வளவுதான் விஷயம், மேலே போவோம்.

இனி ஓசை. மோனை என்றால் முதல் எழுத்து ஒன்றுவது, வேலன் - வேடன். எதுகை என்றால் ரெண்டாம் எழுத்து ஒன்றுவது, மயில் - வெயில். இது ரெண்டும் நாக்குக்குப் பிடிமானம். ஏடு கையில் இல்லாதவங்களும் பாட்டை மனசில் சுமக்க இதுதான் உதவிச்சு. திருப்புகழில் இதற்கு மேலே சந்தம். எந்த இடத்தில் வல்லினம், எந்த இடத்தில் மெல்லினம், எங்கே குறில், எங்கே நெடில் என்று ஒரு அச்சு முதலிலேயே போட்டு, பாட்டு முழுக்க அதில் வார்க்கிறார். வாயைத் திறந்து இந்த ரெண்டையும் சொல்லிப் பாருங்க, நான் எழுதினதுதான்:

தட்டித் தகர்த்துத் துரத்திப் பிடித்தது.

மென்மையும் அன்பும் நெஞ்சினில் நின்றன.

முதல் வரிக்கு உதடும் பல்லும் சண்டைக்குப் போகுது. ரெண்டாவதுக்கு வாய் தானாகவே இளகுது. பொருள் தெரியாத நம்ம தம்பிக்கு உடம்பு சிலிர்த்ததே, அதற்குக் காரணம் இங்கே இருக்கு. போர்க்களத்தைச் சொல்லும்போது எழுத்தே பறை அடிக்கும். பொருள் மூளைக்குப் போகும் முன்னாடி ஓசை உடம்புக்குப் போயிடுது. அதனால் புரியாமல் கேட்டதை வீண் என்று நினைக்காதீங்க, பாட்டின் பாதி உங்களுக்குள்ள வந்தாச்சு. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பாடம்.

அந்தாதியையும் இங்கேயே சொல்லிடுறேன். ஒரு பாட்டின் அந்தம் அடுத்த பாட்டின் ஆதி.

முருகா என்று சொல்லி ஏறினேன் மலை.
மலை ஏற ஏறக் குறைந்தது மனசின் பாரம்.
பாரம் இறங்கிய இடத்தில் நின்றது மயில்.
மயில் போன திசையெல்லாம் உன் பேர், முருகா.

கடைசிச் சொல் முதல் சொல்லோடு போய்ச் சேர்ந்ததா? இதற்கு மண்டலித்தல் என்று பேர். மாலை கட்டி முடிச்சுப் போடுற மாதிரி. நடுவில் ஒரு பாட்டு விட்டுப் போனால் உடனே தெரிந்துவிடும். ஓலை செல்லரிக்கும் காலத்தில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! அருணகிரிநாதரின் கந்தர் அந்தாதி பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. வில்லிபுத்தூரார் புலவர்களோடு வாதம் செய்து, தோற்றவர் காதை அறுப்பாராம். அருணகிரியார் பாடப் பாட வில்லிபுத்தூரார் பொருள் சொல்லிக்கொண்டே வந்தாராம். 54-ஆம் பாட்டு, முழுக்க முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாலேயே ஆனது. அங்கே அவர் நின்றுட்டார். ஜெயித்தவர் காதை அறுக்காமல் மன்னித்து, அந்த வழக்கத்தையே நிறுத்த வைத்தார் என்று கதை முடியும். ரீல்ஸில் அந்தப் பாட்டை வேகமாகச் சொல்லிக் காட்டுவது இப்போ ஒரு போட்டி மாதிரி ஆயிடுச்சு. சொல்லுங்க, நாக்குக்கு நல்ல பயிற்சி. ஆனா புதுசாகப் படிக்க வர்றவங்களுக்கு நான் முதலில் கையில் கொடுக்கிற பாட்டு அது இல்லை. கந்தர் அனுபூதி கொடுப்பேன்.

சரி, இதுவரைக்கும் விளையாட்டாகப் போச்சு. அணி தெரியாமல் படித்தால் நிஜமாகவே அடி விழுகிற ரெண்டு இடம் இருக்கு.

ஒன்று, உயர்வு நவிற்சியும் நூற்பயனும். கந்த சஷ்டி கவசம் நம்ம எல்லார் வீட்டிலும் விடியற்காலையில் ஒலிக்குது. தேவராய சுவாமிகள் அதில் பிடித்துக்கொண்ட அணி, திரும்பச் சொல்லுதல். ஒவ்வொரு உறுப்பாகப் பேர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைக் காவல் வைத்து, ‘காக்க’ ‘காக்க’ என்று அடுக்குகிறார். அதே சொல், அதே பொருள், சொற்பொருள் பின்வருநிலை. தூக்கம் வராத குழந்தை முதுகைத் தட்டிக் கொடுப்போமே, அந்தத் தாளம். பயந்த மனசுக்கு ஒரு தடவை "ஒண்ணும் ஆகாது" என்றால் போதாது, அடுத்தடுத்து சொல்லணும். நூலின் கடைசியில் ஒரு நாளைக்கு 36 முறை ஓதுவதும் அதன் பலன்களும் வரும். இப்படிப் பலன் சொல்லி முடிப்பது நம்ம தோத்திர நூல்களின் பழைய மரபு.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, பாட்டில் நோய்கள் ஓடிப்போகும் என்று வருகிறதே என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. பொண்ணு எனக்குப் போன் பண்ணி அழுதது. அந்த அம்மாவிடம் போய் "இது உயர்வு நவிற்சி அணி" என்று நான் இலக்கணம் பேச முடியுமா? மாத்திரை டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கவசம் முடிந்ததும் திருநீறு பூசிட்டு மாத்திரை போடணும், அதுவும் பூஜையில் சேர்த்தி. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் போடுறாங்க. கவசம் என்ற பேரே ஓர் உருவகம்தானே, தங்கைகளே. கவசம் போட்ட வீரன் வாளைக் கீழே போட்டுவிட்டுப் போருக்குப் போக மாட்டான். "இதை 11 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி, அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வரும் ஃபார்வர்டுகளுக்கும் இந்த மரபுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நூற்பயன் ஆசை காட்டிப் படிக்கக் கூப்பிடும். அந்த ஃபார்வர்டு பயமுறுத்தி அனுப்ப வைக்கும். அழித்துவிட்டுத் தூங்கப் போங்க.

ரெண்டாவது இடம், பாட்டில் வரும் ‘நான்’.

கல்லூரி ரெண்டாம் வருஷம் படிக்கும் ஒரு தங்கை, அரியர் விழுந்திருந்த நேரம், ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அக்கா, அருணகிரிநாதரே தன்னை இழிந்தவன், பாவி, மூடன் என்றெல்லாம் சொல்லிக்கிறார். அவ்வளவு பெரியவரே அப்படின்னா நான் எதுக்கும் லாயக்கில்லாதவதானே?" குரல் கேட்டுப் பயந்துட்டேன். முதலில் பாட்டு விளக்கம் எதுவும் சொல்லல. அம்மாவை எழுப்பி அவங்க பக்கத்தில் போய்ப் படு என்றேன், அம்மாவிடம் நானும் பேசினேன். மறுநாள்தான் பாட்டுக்கு வந்தோம்.

பாட்டில் ‘நான்’ என்று பேசுகிறவரும் பாட்டை எழுதியவரும் எப்போதும் ஒரே ஆளாக இருக்கணும்னு இல்லை. அகப்பாட்டில் ஆண் புலவர் தலைவியாகவும் தோழியாகவும் பேசுவார், யாரும் குழம்புவதில்லை. பக்திப் பாட்டிலும் அப்படித்தான். ஊரில் உள்ள அத்தனை பேர் குற்றத்தையும் தன் மேல் ஏற்றி, எல்லாருக்காகவும் ஒருவர் வாதாடுகிறார். மாணிக்கவாசகரும் தன்னை நாய் என்று தாழ்த்திக்கொண்டவர்தான். உன்னைக் கை நீட்டிக் குற்றம் சொல்ல அவருக்கு மனசில்லை, அதனால் தன்னையே சுட்டிக்கொண்டார். அருணகிரிநாதர் இளமையில் தவறான வழியில் போய், திருவண்ணாமலை கோபுரத்தில் இருந்து விழுந்தபோது முருகன் தாங்கிக்கொண்டான் என்பது நாம் வழிவழியாகக் கேட்டு வரும் வரலாறு. அதை நான் மறுக்கல. ஆனா ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டிலும் வரும் ஒவ்வொரு ‘நானை’யும் அவருடைய டைரியாகப் படிக்கத் தேவையில்லை.

இதோடு முரண் என்ற அணியையும் சேர்த்துப் பார்க்கணும். இருட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் விளக்கு தெரியும். திருப்புகழ்ப் பாட்டு நிறைய, முதல் பாதி கீழே கீழே இறங்கும், அப்புறம் திரும்பி வேல், மயில், சூரனை வென்றது, வள்ளியை மணந்தது, அந்தத் தலத்தின் வயலும் சோலையும் என்று மேலே ஏறும். கடைசிச் சொல் பெரும்பாலும் ‘பெருமாளே’. இலக்கணத்தில் அது விளி, கூப்பிடும் வேற்றுமை. அந்தத் தங்கையிடம் கையில் இருந்த புத்தகத்தைத் திறந்து, பாட்டு முடியும் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டே வா என்றேன். இருபது பாட்டு பார்த்தாள். ஒரு பாட்டு கூட ‘நான் பாவி’ என்று முடியவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் கூப்பிடுகிறார். எதிரே ஒருத்தன் இருக்கான், கேட்கிறான் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் கூப்பிட மாட்டாங்க. உன்னைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு வரியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வைத்தால், பாட்டைப் பாதிப் படிக்கட்டில் நிறுத்திட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். முதல் பாதியில் பெண்களை வர்ணித்து, அவர்கள் மயக்குகிறார்கள் என்று பழிக்கும் பாட்டுகள் திருப்புகழில் நிறைய இருக்கு. பெண்ணாக உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு உறுத்தத்தான் செய்யுது. "அது ஆசைக்கு உருவகம், பெண்ணைச் சொல்லல" என்று சமாதானம் சொல்வாங்க. சில பாட்டுக்குப் பொருந்தும். சறுக்குவது அந்த ‘நானின்’ மனசுதான் என்பது சில இடங்களில் தெளிவாகவே இருக்கு. எல்லாப் பாட்டுக்கும் அந்தச் சமாதானம் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பாட்டு மரபு ஆண் குரலில் ஆண்களைப் பார்த்துப் பேசியது. அதைத் தெரிந்துகொண்டே படிக்கிறேன், ரெண்டாம் பாதியில் அவரோடு சேர்ந்து கூப்பிடுகிறேன். தங்கைகள் யாருக்காவது அந்தப் பகுதி ஒத்து வரலைன்னா அனுபூதியில் இருந்து தொடங்குங்க. பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் உங்களைச் சொல்ல முடியாது.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. உங்களுக்கு மனப்பாடமான ஒரே ஒரு முருகன் பாட்டை எடுத்துக்கோங்க. முதலில் சொற்களைப் பிரித்து எழுதுங்க, சந்தி பிரித்தாலே பாதி புரிந்துரும். ‘போல’ வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ரெண்டு பொருள் தருகிற மாதிரி தோன்றும் சொல்லுக்கு ஒரு வட்டம். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல்லில் முடிக்கிறார் என்று ஓரத்தில் குறித்து வையுங்க. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் குழுவில் ஒவ்வொருத்தரும் ஒரு அணி சொல்லணும். அலாரம் வைத்துக்கோங்க, ஏழு மணிக்கு ஆரம்பிச்சிருவேன்.

வேலும் மயிலும் துணை.